நெடுஞ்சாலையும் அறிவிப்பின் அரசியலும்: வடலூரை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

நாலு வழிச் சாலை வேண்டுமா வேண்டாமா என்று பட்டிமன்றம் நடத்துவது இந்தக் கட்டுரையின் நோக்கமல்ல. ரோடு போடு என்று மறியல் செய்கிற ஊர்களும் தமிழ்நாட்டில் உண்டு, ரோட்டுக்காக நட்ட கல்லைப் பிடுங்கிப் போட்ட ஊர்களும் உண்டு. இரண்டு இடத்திலும் ஒரே பேச்சு காதில் விழும்: ‘எங்ககிட்ட யாரு வந்து சொன்னாங்க?’ இதற்கு அலுவலகத்தில் எப்போதும் ஒரு பதில் தயாராக இருக்கும்: ‘முறைப்படி அறிவிப்பு வெளியிட்டாச்சே.’ இரண்டு தரப்பு சொல்வதும் உண்மை என்பதுதான் இங்கே சிக்கல். அறிவிப்பு வெளியாகியிருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது. பொய் சொல்லாமலேயே மறைப்பது எப்படிச் சாத்தியமாகிறது என்பதைத்தான் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அறிதல் தன்வினை, அறிவித்தல் பிறவினை. ஒருவர் அறிவித்தார் என்றால் இன்னொருவர் அறிந்தார் என்றுதான் தமிழ் இலக்கணம் பொருள் கொள்ளும். சட்டத்தின் இலக்கணம் வேறு. அங்கே அறிவித்தல் என்ற வினை முடிந்ததாகக் கணக்கெழுத, அறிதல் என்ற வினை எங்கேயும் நடந்திருக்க வேண்டியதில்லை. அரசிதழில் அச்சேறிய நாளிலேயே ஊருக்குத் தெரிந்துவிட்டதாக அனுமானிக்கப்படும். அந்த அனுமானத்தின் மேல்தான் ஜல்லியும் தாரும் கொட்டப்படுகின்றன.

வடலூரை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. ஊரின் நான்குமுனைச் சந்திப்பில் இரண்டு தேசிய நெடுஞ்சாலைகள் வெட்டிக்கொள்கின்றன. ஒன்று விக்கிரவாண்டியிலிருந்து பண்ருட்டி, நெய்வேலி, வடலூர், சேத்தியாத்தோப்பு, அணைக்கரை, கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் போகும் 36ஆம் எண் சாலை; பழைய பெயர் 45சி. இன்னொன்று கடலூரிலிருந்து குறிஞ்சிப்பாடி, வடலூர், விருத்தாசலம் வழியாகச் சின்னசேலம் பக்கம் போகும் 532. 2021இல்தான் பேரூராட்சியிலிருந்து நகராட்சியான ஊர். தைப்பூசத்துக்கு லட்சக்கணக்கில் ஜனம் கூடும். நிலக்கரிக்காக நிலம் எடுக்கப்பட்ட கதைகள் பக்கத்திலேயே கிடக்கின்றன. நிலம், சாலை, அரசு, பொது என்ற நான்கும் ஒன்றோடொன்று மோதிக்கொள்கிற இடம் என்று இதைச் சொல்லலாம்.

2

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடுவோம். போராட்டக்காரர்களிடம் சட்டம் பற்றி ஓர் அலட்சியம் இருக்கிறது. ‘சட்டமெல்லாம் அவங்களுது’ என்று விட்டுவிடுகிறோம். ஆனால் அவர்களுடைய சட்டத்தை வரிவரியாக வாசித்தால்தான், எந்த வரியில் நாம் காணாமல் போனோம் என்பது பிடிபடும்.

1894ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டம் வெள்ளைக்காரன் போட்டது. கொடுமையான சட்டம் என்று எல்லோரும் திட்டித் தீர்த்தோம், நியாயமாகவே. அந்தச் சட்டத்தின் 4ஆம் பிரிவில் ஒரு சிறு ஏற்பாடு இருந்தது. நிலம் தேவைப்படுகிறது என்ற அறிவிப்பை அரசிதழில் வெளியிட்டால் மட்டும் போதாது. அதன் சாரத்தை அந்த வட்டாரத்திலேயே வசதியான இடங்களில் பொது அறிவிப்பாகத் தரவும் வேண்டும். ஆட்சேபணை சொல்ல 30 நாள் அவகாசம். இது 1923 திருத்தத்தில் சேர்ந்த உரிமை. 1984 திருத்தம் பத்திரிகை விளம்பரத்தையும் கட்டாயமாக்கியது. காலனியச் சட்டமானாலும் காகிதம் ஊர் எல்லை வரைக்கும் வந்தாக வேண்டும் என்றது.

இதை வைத்துப் பழையதைப் புகழ வேண்டியதில்லை. காகிதம் ஊருக்குள் வந்த விதத்தில் சாதி இருந்தது. சாவடிச் சுவரிலும் மணியக்காரர் திண்ணையிலும் ஒட்டிய தாள், சேரியில் இருந்தவர் கண்ணுக்கு எட்டியிருக்குமா? தண்டோரா போட வைக்கப்பட்டவர் யார், அதைக் கேட்டு முடிவெடுத்தவர் யார்? தண்டோரா வழக்கத்தையே கைவிடச் சொல்லித் தமிழ்நாடு தலைமைச் செயலாளர் ஆட்சியர்களுக்கு எழுதியது 2022ஆம் ஆண்டில்தான். ஆக, ‘பொது அறிவிப்பு’ என்பதில் இருந்த அந்தப் ‘பொது’ அன்றைக்கும் எல்லோருக்குமான பொது அல்ல.

அடுத்தது 1997. தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம் 1956ஆம் ஆண்டிலிருந்தே இருந்தாலும், நிலம் எடுக்கத் தனி வழிமுறை அதில் இல்லை. 1894 சட்டத்தின்படிதான் எடுத்தார்கள். 1997இல் ஒரு திருத்தம் கொண்டுவந்து 3ஏ முதல் 3ஜே வரை பிரிவுகளைச் செருகினார்கள். சாலைக்குத் தனியார் முதலீடு வர வேண்டும், தாமதம் கூடாது என்கிற காலம் அது. தங்க நாற்கரம் முதலான பெருந்திட்டங்கள் அடுத்தடுத்து வருவதற்கு இப்படிப் பாதை செப்பனிடப்பட்டது.

இந்தப் பிரிவுகள் வேலை செய்யும் விதம் இதுதான். 3ஏ: நிலம் எடுக்கும் எண்ணத்தை மத்திய அரசு அரசிதழில் அறிவிக்கும், அதன் சாரத்தை இரண்டு உள்ளூர்ப் பத்திரிகைகளில் வெளியிட வேண்டும், அதில் ஒன்று வட்டார மொழியில். 3சி: நிலத்தில் சம்பந்தமுடையவர் 21 நாளுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபிக்கலாம், நில எடுப்பு அதிகாரி நேரிலோ வழக்கறிஞர் மூலமோ கேட்டு ஆணை போடுவார், அந்த ஆணையே முடிவானது. 3டி: அதன்பின் இன்னொரு அரசிதழ் அறிவிப்பு, அது வெளியான கணத்தில் நிலம் எல்லா வில்லங்கங்களும் நீங்கி மத்திய அரசுக்குச் சொந்தம். 3ஏ வந்து ஓராண்டுக்குள் இந்த 3டி வராவிட்டால் முதல் அறிவிப்பு செத்துப்போகும். 3இ: நிலத்தை ஒப்படைக்க 60 நாள். 3ஜி: இழப்பீட்டுத் தொகை. அதில் திருப்தியில்லை என்றால் மத்திய அரசு நியமிக்கும் நடுவரிடம் போகலாம். நடுவர் பெரும்பாலும் மாவட்ட ஆட்சியர்தான்.

வட்டாரத்தில் வசதியான இடங்களில் அறிவிப்பு என்ற பழைய வாசகம் 3ஏ பிரிவில் இல்லை. 30 நாள் 21 ஆயிற்று. சட்ட வாசகத்தின்படி அந்த 21 நாள் ஓடத் தொடங்குவதும் அரசிதழில் வந்த தேதியிலிருந்து. பத்திரிகையில் சாரம் வருவது அதற்குப் பிறகு. 2015 அக்டோபருக்குப் பின் மத்திய அரசிதழ் தாளில் அச்சாவதும் நின்றுவிட்டது, மின்வடிவம் மட்டும்தான். குறிஞ்சிப்பாடி வட்டத்தில் முந்திரிக்காடு வைத்திருக்கும் ஒரு கிழவிக்கு டெல்லியின் கணினியில் ஏறிய தேதியிலிருந்து நாள் எண்ணப்படும் என்றால், அறிவித்தல் என்ற வினையின் எழுவாயும் செயப்படுபொருளும் எவ்வளவு தூரம் விலகிப் போய்விட்டன என்று பாருங்கள்.

அப்புறம் 2013. நியாயமான இழப்பீடு, வெளிப்படைத்தன்மை என்றெல்லாம் பெயரிலேயே எழுதி வைத்துக்கொண்டு புதிய நிலம் கையகப்படுத்தும் சட்டம் வந்தது. காகிதத்தில் பார்த்தால் இது நல்ல முன்னேற்றம்தான். அறிவிப்பு ஊராட்சி அல்லது நகராட்சி அலுவலகத்தில் வட்டார மொழியில் இருக்க வேண்டும், கிராம சபையைக் கூட்டிச் சொல்ல வேண்டும், ஆட்சேபணைக்கு 60 நாள். இதற்கெல்லாம் முன்னால் சமூகத் தாக்க மதிப்பீடு. குத்தகைதாரர், விவசாயக் கூலி, கைவினைஞர் என்று அந்த நிலத்தை நம்பி மூன்றாண்டாகப் பிழைப்பவர்களையும் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்று அது எண்ணுகிறது.

ஆனால் அதே சட்டத்தின் 105ஆம் பிரிவு, நான்காம் அட்டவணையில் உள்ள சட்டங்களுக்கு இது பொருந்தாது என்று ஒதுக்குகிறது. அந்தப் பட்டியலில் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டமும் உண்டு. 2015இல் இழப்பீடு, மறுவாழ்வு, மறுகுடியமர்வு ஆகியவற்றை மட்டும் நெடுஞ்சாலைக்கும் நீட்டினார்கள். கூடுதல் ஆறுதல் தொகையும் வட்டியும் நெடுஞ்சாலைக்கு நிலம் இழந்தவர்களுக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2019இல் தீர்ப்புச் சொன்னது. பணம் கொஞ்சம் கூடியது, நல்லது. சமூகத் தாக்க மதிப்பீடும், கிராம சபையில் சொல்வதும், 60 நாளும் வரவில்லை. தொகையை வாங்கிக்கொள், தகவலைக் கேட்காதே என்று இதை மொழிபெயர்த்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு தந்திரமான இடைவெளி இருக்கிறது. கூலிக்காரருக்கும் குத்தகைதாரருக்கும் மறுவாழ்வு உரிமை ஏட்டில் வந்துவிட்டது. அவர்கள் யார், எத்தனை பேர், எங்கே இருக்கிறார்கள் என்று ஊருக்குள் வந்து கண்டறிகிற ஏற்பாடாகிய சமூகத் தாக்க மதிப்பீடு வரவில்லை. உரிமை இருக்கிறது, உரிமையாளரைத் தேடும் கண் இல்லை.

3

அறிவிப்பு யாரைப் பார்த்துப் பேசுகிறது? ஒரு 3ஏ அறிவிப்பை எடுத்து வைத்துக்கொண்டு வாசித்துப் பாருங்கள். மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு, நிலத்தின் தன்மை, பரப்பு என்று பக்கம் பக்கமாகப் போகும். அறிவிக்கப்படுவது நிலம், அதுவும் எண்ணாக. எண் தெரிந்தவருக்குத்தான் அது தகவல். தன் காட்டை ‘மேலண்டைக் கொல்லை’ என்றும் ‘பலாமரத்துக் கழனி’ என்றும் தெரிந்து வைத்திருப்பவருக்கு 141/2பி என்று சொன்னால் அது எதுவாகவும் இருக்கலாம். வி.ஏ.ஓ.விடம் போய்க் கேட்டால்தான் தன் கொல்லை எந்த எண்ணுக்குள் இருக்கிறது என்று தெரியும். ‘கல்லு நட்டப்புறந்தான் தெரிஞ்சுது’ என்கிற கிராமத்துப் பேச்சு அறியாமையைக் காட்டுவதாகப் படித்தவர்கள் சிரிக்கலாம். உண்மையில் அது அறிவிப்பின் மொழி மீதான துல்லியமான விமர்சனம். கல்லுதான் அவர்களுக்குப் புரிகிற மொழியில் வந்த முதல் அறிவிப்பு.

அமெரிக்க மானுடவியலாளர் ஜேம்ஸ் ஸ்காட் 1998இல் வெளியிட்ட நூலில் இதை வேறொரு கோணத்திலிருந்து விளக்கியிருக்கிறார். நவீன அரசு ஆள வேண்டுமென்றால் முதலில் நிலத்தையும் மக்களையும் தான் வாசிக்கக்கூடிய வடிவத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். நில அளவை, வரைபடம், குடும்பப் பெயர் எல்லாம் அந்த மாற்றத்தின் கருவிகள். நம் விஷயத்தில் இதைத் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும். அரசு நம்மை வாசிப்பதற்கென்று உண்டாக்கிய பிரதியையே, நாம் அரசை வாசிப்பதற்கான பிரதியாகவும் நீட்டுகிறது. இவ்வளவுதான் ‘பொதுத் தகவல்’. புல எண் என்ற கட்டத்துக்குள் அடங்காத உறவுகள் இந்தப் பிரதியில் எழுதப்படுவதே இல்லை. வாரத்துக்குப் பயிர் வைப்பவர், முந்திரிக்கொட்டை பொறுக்கப் போகிற பெண்கள், சாலையோரப் புளியமரத்தைக் குத்தகைக்கு எடுத்தவர், சந்திப்பில் தள்ளுவண்டியில் பலாச்சுளை விற்பவர், புறம்போக்கில் இரண்டு தலைமுறையாகக் குடிசை போட்டிருக்கும் நிலமற்ற குடும்பம். இவர்களில் பெரும்பகுதி தலித்துகளும் பிற்படுத்தப்பட்டோரில் கடைநிலையில் உள்ளவர்களும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தெருவோர வியாபாரிகளை அப்புறப்படுத்த 30 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்று 2014ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. புல எண் பட்டியலைப் புரட்டினால் அவர்கள் நின்ற இடம் ‘ரஸ்தா’ என்று மட்டும்தான் இருக்கும்.

வடலூரில் இதற்கு நேர் எதிரான ஒரு நில ஆவணத்தின் நினைவு இருக்கிறது. 1867இல் இராமலிங்க அடிகள் தருமச்சாலை தொடங்கியபோது அதற்கான நிலத்தைப் பார்வதிபுரம் மக்கள் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். 1872இல் ஞானசபை வந்ததும் அந்த நிலத்தில்தான். அங்கே நிலம் பொதுவுக்குப் போனது. எதற்குப் போகிறது என்று கொடுத்தவர்களுக்குத் தெரியும். பசித்தவருக்குச் சோறு போட என்பதுதான் பொது நோக்கம், அதை விளக்க அரசிதழ் தேவைப்படவில்லை. அதே பெருவெளியில் சர்வதேச மையம் கட்டத் தமிழ்நாடு அரசு 2024இல் பள்ளம் தோண்டியபோது பார்வதிபுரம் மக்கள் கூடி எதிர்த்தார்கள். விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. எங்கள் முன்னோர் கொடுத்த நிலம், எங்களைக் கேட்டீர்களா என்பதே அவர்களது வாதத்தின் சாரம். மையம் நல்லதா கெட்டதா என்பது தனி விவாதம். நாம் கவனிக்க வேண்டியது, சாலைக்கும் மையத்துக்கும் பொதுவாக இருக்கும் அரசு மனோபாவத்தை. பொதுவுக்காகச் செய்யும்போது பொதுமக்களிடம் கேட்க என்ன இருக்கிறது என்பது அதன் நம்பிக்கை.

4

இனி, துண்டு போடுவது பற்றி.

சிறு நிலத் துண்டாகத் தகவல் உடைவதைப் பார்த்தோம். இன்னொரு மட்டத்தில் சாலையே உடைகிறது. 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை நெடுஞ்சாலைத் திட்டங்களுக்கு முன் அனுமதி வேண்டும் என்கிறது. 2013 ஆகஸ்டில் அதைத் திருத்தினார்கள். ஏற்கெனவே உள்ள தேசிய நெடுஞ்சாலையை அகலப்படுத்தும்போது, நீளம் 100 கி.மீ.க்கு மேல் இருந்து, கூடுதலாக எடுக்கும் நிலம் பழைய தடத்தில் 40 மீட்டரையும் புறவழி அல்லது மாற்றுத் தடத்தில் 60 மீட்டரையும் தாண்டினால்தான் அனுமதி தேவை. இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் தேவையில்லை.

இதில் சுற்றுச்சூழலைவிட நமக்கு முக்கியமான ஒன்று ஒளிந்திருக்கிறது. பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் என்பது இந்த அனுமதி நடைமுறைக்குள்தான் வருகிறது. அனுமதி தேவையில்லை என்றால் கூட்டமும் தேவையில்லை. ஏற்கெனவே 2013 நிலச் சட்டத்தின் கதவு மூடியிருக்கிறது. இந்தக் கதவும் மூடினால் முழுச் சாலையைப் பற்றி ஊர் கேள்வி கேட்கச் சட்டத்தில் வாசலே கிடையாது. மிஞ்சுவது புல எண் பட்டியலும் 21 நாளும்.

இது நம் மாவட்டத்திலேயே வழக்கானது. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி, கடலூர், சிதம்பரம் வழியாக நாகப்பட்டினம் போகும் 45ஏ சாலை சுமார் 180 கி.மீ. நாலு வழியாக்குவதற்கு அதை நான்கு பொட்டலங்களாகப் பிரித்தார்கள்: விழுப்புரம்–புதுச்சேரி 29 கி.மீ., புதுச்சேரி–பூண்டியாங்குப்பம் 38, பூண்டியாங்குப்பம்–சட்டநாதபுரம் கிட்டத்தட்ட 57, சட்டநாதபுரம்–நாகப்பட்டினம் கிட்டத்தட்ட 56. எந்தத் துண்டும் 100ஐத் தொடவில்லை. நிலம் எடுப்பதை எதிர்த்து வழக்குப் போட்டவர்கள், இது ஒரே சாலை, முழுசாகப் பார்த்து அனுமதி வாங்க வேண்டும் என்றார்கள். சென்னை உயர் நீதிமன்றம் சுற்றுச்சூழல் அனுமதி தேவை என்றது. நெடுஞ்சாலை ஆணையம் மேல்முறையீடு செய்தது. 2021 ஜனவரி 19 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது: கூடுதல் நிலம் 40, 60 மீட்டர் வரம்பைத் தாண்டவில்லை, எனவே அனுமதி தேவையில்லை, அந்த வரம்புக்குள்தான் நிலம் எடுக்க வேண்டும் என்று ஆணையத்துக்குக் கட்டளை.

துண்டாடுவது பற்றி நீதிமன்றம் சொன்னது கவனத்துக்குரியது. மதிப்பீட்டிலிருந்து தப்புவதற்கான உத்தியாகத் திட்டத்தைத் துண்டு போடக்கூடாது என்று கொள்கையாகச் சொன்னது. எந்தச் சூழலில் துண்டு போடலாம், போடக்கூடாது என்பதை முடிவு செய்யும் தொழில்நுட்ப அறிவு தன்னிடம் இல்லை என்று கூறி, நிபுணர் குழு அமைத்து ஆராயும்படி சுற்றுச்சூழல் அமைச்சகத்திடம் விட்டது. கேள்வியை எழுப்பியவர் நிலத்துக்காரர், பதில் சொல்லப்போகிறவர் நிபுணர். நடுவில் இருந்த பொது விவாதம் என்ற கட்டம் மறுபடியும் விடுபட்டுப் போனது.

வடலூர் வழியாகப் போகும் 36ஆம் எண் சாலையின் கணக்கைப் பார்ப்போம். விக்கிரவாண்டி–சேத்தியாத்தோப்பு கிட்டத்தட்ட 66 கி.மீ., சேத்தியாத்தோப்பு–சோழபுரம் 50, சோழபுரம்–தஞ்சாவூர் 48. மொத்தம் சுமார் 164. இங்கேயும் எந்தத் துண்டும் 100ஐ எட்டவில்லை. அனுமதியைத் தவிர்க்கவே இப்படிப் பிரித்தார்கள் என்று குற்றம் சாட்ட வரவில்லை. இவ்வளவு நீளச் சாலையை ஒரே ஒப்பந்தத்தில் விட முடியாது, கடன் கிடைக்காது, வேலை நகராது என்று பொறியாளர்கள் சொல்லும் காரணங்கள் உண்மையாகவே இருக்கலாம். நோக்கம் எதுவாக இருந்தாலும் விளைவு ஒன்றுதான். சாலை முழுசாக இருப்பது திட்ட அறிக்கையிலும் வங்கியின் மேசையிலும் சுங்கக் கணக்கிலும். மக்களிடம் வரும்போது அது பொட்டலமாக, புல எண்ணாக, பள்ளமாக மட்டும் வருகிறது. முழுமையைப் பற்றிக் கேட்டால் ‘அது எங்க பேக்கேஜ் இல்லீங்க’ என்பார்கள்.

விக்கிரவாண்டி–சேத்தியாத்தோப்புத் துண்டில் வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்ததை இந்தப் பக்கத்து ஜனம் பட்டு அனுபவித்தது. தோண்டிப் போட்ட ரோடு, புழுதி, பாதியில் நின்ற பாலம், விபத்து. ஏன் நின்றது, எப்போது முடியும், யாரிடம் கேட்பது? சாலை போடுவதற்கு முன் நிலத்துக்காரருக்கு ஏற்பட்ட தகவல் பஞ்சம், போடும்போது எல்லோருக்கும் பரவிவிடுகிறது. ஒப்பந்தக்காரருக்கும் ஆணையத்துக்கும் இடையிலான தகராறு வணிக ரகசியம்போல அவர்களுக்குள்ளேயே கிடக்கும். ரோட்டில் விழுந்து கை ஒடிந்தவர் அந்த ஒப்பந்தத்தில் ஒரு தரப்பு அல்லவே.

5

சரி, கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தால் மட்டும் எல்லாம் தெரிந்துவிடுமா என்று ஒரு தோழர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2006 அறிவிக்கையின்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 30 நாள் முன்னறிவிப்போடு கூட்டத்தை ஏற்பாடு செய்யும், ஆட்சியரோ அவரது பிரதிநிதியோ தலைமை வகிப்பார். கூட்டம் தொடங்க இத்தனை பேர் வந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. யாருமே வராவிட்டாலும் நடந்ததாகவே கணக்கு. அறிக்கையின் சுருக்கம் மட்டும் வட்டார மொழியில். முழு அறிக்கையின் நூற்றுக்கணக்கான பக்கங்கள் பெரும்பாலும் ஆங்கிலம்.

மொழி விஷயத்தில் இவர்கள் எவ்வளவு பிடிவாதம் என்பதற்கு 2020 உதாரணம். அந்த அறிவிக்கையையே மாற்றும் வரைவை இந்தியிலும் ஆங்கிலத்திலும் வெளியிட்டுவிட்டு நாடு முழுக்கக் கருத்துக் கேட்டார்கள். எட்டாம் அட்டவணையின் எல்லா மொழிகளிலும் தர வேண்டும் என்று 2020 ஜூனில் டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. மத்திய அரசு மொழிபெயர்ப்பதற்குப் பதிலாக உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. தமிழில் சொல்லாமலிருப்பதற்காக வழக்காடும் அரசிடம்தான் நாம் பொதுத் தகவல் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

கூட்டம் என்ற சடங்கின் உள்கட்டமைப்பை வேறு நாட்டிலும் ஒருவர் அம்பலப்படுத்தியிருக்கிறார். நியூயார்க் நகரின் கீழ் மன்ஹாட்டன் குடியிருப்புகளை ஊடுருவி ஒரு விரைவுச் சாலை போடத் திட்டமிட்டார்கள். 1968இல் நடந்த கருத்துக்கேட்பில் எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் மேடையேறி, ஒலிவாங்கி அதிகாரிகளை நோக்கி வைக்கப்படாமல் கூட்டத்தை நோக்கி வைக்கப்பட்டிருப்பதைச் சுட்டிக்காட்டினார். ஜனங்கள் ஜனங்களுக்கே பேசிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்ற ஏற்பாடு அது. அந்தக் கூட்டத்தில் சுருக்கெழுத்துப் பதிவு நாடா தரையில் சிதறியது, அவர் கைது செய்யப்பட்டார். அடுத்த ஆண்டே நகர நிர்வாகம் சாலைத் திட்டத்தைக் கைவிட்டது. நம் ஊர்க் கூட்டங்களிலும் ஒலிவாங்கி எந்தப் பக்கம் பார்க்கிறது, யார் எழுதிக்கொள்கிறார்கள், எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டுகிறார்களா என்று கவனிக்கலாம்.

இதற்கு மாற்றான ஒரு வடிவம் ராஜஸ்தானிலிருந்து வந்தது. 1994 முதல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் நடத்திய ஜன் சுன்வாயி, அதாவது மக்கள் விசாரணை. பொதுப்பணிகளின் கூலிப் பதிவேடுகளையும் ரசீதுகளையும் ஊர் நடுவில் சத்தமாகப் படித்தார்கள். ‘இந்தப் பேரு செத்துப் போனவரு பேராச்சே’, ‘இந்தக் கட்டடம் எங்க இருக்கு?’ என்று கேட்டவர்களால் காகிதம் சாட்சியாக மாறியது. அங்கே அரசு மக்களிடம் கருத்துக் கேட்கவில்லை. மக்கள் அரசிடம் கணக்குக் கேட்டார்கள். 2005 தகவல் உரிமைச் சட்டத்தின் வேர்களில் முக்கியமானது இது. நெடுஞ்சாலைச் சட்டத்தில் 3ஏ செருகப்பட்ட அதே 1997இல்தான் தமிழ்நாடும் ஒரு தகவல் உரிமைச் சட்டத்தை இயற்றியது, இந்திய மாநிலங்களில் முதலாவதாக. ஒரே ஆண்டில் ஒரு பக்கம் தகவலுக்கான நாள் குறைந்தது, இன்னொரு பக்கம் தகவல் உரிமை என்ற சொல் சட்டமாயிற்று. தாராளமயம் என்பது இந்த இரண்டும் சேர்ந்ததுதான் போலும்.

6

செயல்படுகிற தோழர்களுக்குச் சில விஷயங்கள்.

2005 சட்டத்தின் 4ஆம் பிரிவை நாம் போதுமான அளவு பயன்படுத்துவதில்லை. மனுப்போட்டுக் கேட்டால் தருவது 6ஆம் பிரிவு. யாரும் கேட்காமலேயே வெளியிட வேண்டியது 4ஆம் பிரிவு. பொதுமக்களைப் பாதிக்கும் முக்கியமான கொள்கையை வகுக்கும்போதோ முடிவை அறிவிக்கும்போதோ சம்பந்தப்பட்ட எல்லாத் தகவலையும் வெளியிட வேண்டும் என்கிறது அது. செலவு, வட்டார மொழி, அந்தப் பகுதிக்கு எட்டக்கூடிய வழி ஆகியவற்றைக் கருத்தில் கொண்டு பரப்ப வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்கிறது. 3ஏ வேலையை முடித்துவிட்டோம் என்று சொல்லும் அதிகாரியிடம் 4ஆம் பிரிவு வேலை என்னாயிற்று என்று கேட்க வேண்டும். ஒன்று செய்ததால் இன்னொன்று தீர்ந்துவிடாது.

கேட்க வேண்டிய ஆவணங்கள்: முழுச் சாலைக்குமான விரிவான திட்ட அறிக்கை, புறவழிக்கு ஆராயப்பட்ட மாற்றுத் தடங்களும் அவை தள்ளப்பட்ட காரணமும், நில எடுப்பு வரைபடம், ஊர்வாரியாகப் பழைய அகலம், புதிய அகலம், 3சி ஆட்சேபணைகளின் மேல் போடப்பட்ட ஆணைகள், வெட்டப்படும் மரங்களின் பட்டியல், ஒப்பந்தத்தின் கால அட்டவணையும் நீட்டிப்புகளும். 40, 60 மீட்டர் வரம்பு மீறப்பட்டதா என்று அளந்து பார்க்க அகலக் கணக்கு இல்லாமல் முடியாது. தகவல் என்றால் காகிதம் மட்டுமல்ல என்பதும் நினைவிருக்கட்டும். 2ஆம் பிரிவின் விளக்கத்தில் வேலையைப் பார்வையிடுவதும், பொருளின் சான்றிட்ட மாதிரியை எடுப்பதும் அடங்கும். ரோட்டில் கொட்டிய ஜல்லியும் தகவல்தான்.

வாங்கிய காகிதத்தை வக்கீல் பையிலோ சங்க அலமாரியிலோ வைத்துவிட்டால், அறிவிப்பைப் பூட்டி வைக்கும் வேலையை நாமும் செய்தவர்களாவோம். தமிழாக்கி, புல எண்ணுக்குப் பக்கத்தில் ஊர் வழங்கும் பெயரை எழுதி, காலனியிலும் ஊரிலும் இரண்டு இடத்திலும் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். பட்டா இல்லாதவர்களின் பட்டியலை நாமே தயாரிக்க வேண்டும். அது அரசுப் பட்டியலில் ஒருபோதும் இருக்காது. துண்டு துண்டாக நடக்கும் போராட்டங்களைப் பற்றியும் யோசிக்க வேண்டியிருக்கிறது. பண்ருட்டிக்காரர் பண்ருட்டிக்கும், வடலூர்க் கடைக்காரர் வடலூருக்கும், சிதம்பரம் பக்கத்தவர் இன்னொரு சாலைக்கும் என்று தனித்தனியாக மனுக்கொடுக்கும்போது, அரசு போட்ட துண்டுக் கணக்கை நாமே ஒப்புக்கொள்கிறோம்.

சாலையை எதிர்க்கிறவர்களும் கேட்கிறவர்களும் ஒன்றாக நின்று வைக்கக்கூடிய கோரிக்கை இது: வேலை தொடங்குவதற்கு முன், விக்கிரவாண்டி முதல் தஞ்சாவூர் வரைக்கும் என்றால் அந்த முழு நீளத்துக்கும், திட்டத்தைத் தமிழில் வைத்து, அது கடக்கிற ஒவ்வொரு ஊராட்சியிலும் நகராட்சியிலும் படித்துக் காட்ட வேண்டும்; கேட்ட கேள்விக்கு அந்த இடத்திலேயே எழுத்தில் பதில் தர வேண்டும். 36ஆம் எண் சாலைக்கு அந்தக் கட்டம் தாண்டிப் போய்விட்டது. 532 இருக்கிறது, மாநிலச் சாலைகள் இருக்கின்றன, நாளைக்கு வரப்போகும் புறவழிகள் இருக்கின்றன. அடுத்த கல் நடுவதற்கு முன் கேட்டாக வேண்டும்.